சாதி நாயும் நாட்டு நாயும்

"அப்பா, இது என்ன சாதி?"

கேட்டது என் மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளை ராஜபாளையத்தைக் காட்டித்தான் கேட்டாள். நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முந்திக்கொண்டார். "நல்ல சாதி பாப்பா. அப்பன் ஆத்தா ரெண்டுக்கும் பேப்பர் இருக்கு. கலப்பே கிடையாது."

மகள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இந்த மூன்று வாக்கியங்களும் எனக்குப் புதிதல்ல. சேலத்தில் வீடு வாடகைக்குக் கேட்டு அலைந்தபோது கேட்டிருக்கிறேன். கல்யாணத் தரகர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். நாயின் தலைக்கு மேலே கேட்டது அன்றுதான் முதல் முறை.

ஏற்காட்டுக் கோடை விழா பலருக்கும் தெரிந்ததுதான். வெயில் காலத்தில் மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, கொழு கொழு குழந்தைகள் போட்டி என்று வரிசையாக நடக்கும். நாய்க் கண்காட்சியைக் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும். சமவெளியில் இருந்தெல்லாம் காரில் நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சீப்பு, பவுடர், பட்டை, சங்கிலி. நீதிபதிகள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பரிசு வாங்கிய நாயோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் வேடிக்கை பார்க்க மட்டும் போகவில்லை. வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று மகள் ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். எந்த நாய் நம் குடும்பத்துக்குச் சரிப்படும் என்று பார்க்கலாமே என்றுதான் மலையேறினோம். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தாத்தா அந்த மலையில்தான் நாய்க்கு வேலை செய்தார்.

'நாயைப் பற்றிக் கட்டுரையா? எழுத வேறு பிரச்சனையே இல்லையா?' என்று தோழர்கள் கேட்கலாம். நாய் எங்கள் வரலாற்றுக்கு வெளியே நின்ற பிராணி அல்ல. மனு நூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளரையும் சுவபசரையும் ஊருக்கு வெளியே நிறுத்துகிறது. நாயும் கழுதையும்தான் அவர்கள் சொத்து என்று சட்டம் போடுகிறது. சுவபசர் என்ற சொல்லுக்கே நாயைச் சமைப்பவர் என்று பொருள். பைரவருக்கு நாய் வாகனம். தருமபுத்திரன் பின்னால் கடைசிவரை போன நாய் தருமதேவதை. சாமி பக்கத்தில் நின்றால் நாய்க்கு மரியாதை, சேரிப் பக்கம் வந்தால் அது வசவு. ஆகவே நாயைப் பற்றி நாங்களும் பேசத்தான் வேண்டும்.

*

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்பது பதிவு. காப்பிக்குப் பின்னால் துரைகள் வந்தார்கள், பங்களா வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மாதா கோயில் வந்தது. துரைகளோடு அவர்களுடைய நாய்களும் வந்தன. காடு வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. மலைக்காரர்களான மலையாளிப் பழங்குடி மக்களும் வேலை செய்தார்கள். கீழே இருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த சேரிச் சனங்களும் வந்தார்கள். அப்படி வந்த குடும்பம் எங்களுடையது.

தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பங்களாவில் சேர்த்துவிட்டார்கள். 1930-களின் ஆரம்பம். வேலைக்குப் பேர் 'டாக் பாய்'. துரையிடம் நான்கு நாய்கள். விடிந்ததும் நடத்திக்கொண்டு போக வேண்டும். உண்ணி பிடுங்க வேண்டும். குளிப்பாட்டித் துவட்ட வேண்டும். தட்டு கழுவ வேண்டும். ராத்திரி பனியில் நாய் குளிரில் நடுங்கினால் சாக்குப் போட வேண்டும். பங்களாவில் வேலை செய்த மற்ற சாதிக்காரர்கள் நாய்த் தட்டைத் தொட மாட்டார்கள். நாய் எச்சில் தீட்டு. தொடக்கூடிய ஆள் யார்? ஏற்கெனவே தீட்டாக இருக்கிறவன்தான்.

இது எங்கள் தாத்தா ஒருவர் கதை அல்ல. வெள்ளைக்காரத் துரைசாணிகளுக்கு வீடு நடத்தச் சொல்லிக்கொடுக்க 1888-இல் ஸ்டீல், கார்டினர் என்ற இரண்டு பெண்கள் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். வடநாட்டு பங்களாக்களை வைத்து எழுதியது. அந்த வீடுகளில் நாயைக் கவனிக்கிற வேலை தோட்டியின் தலையில்தான் விழுந்தது. கக்கூஸ் கழுவுகிறவர்தான் நாய்க்கும் சோறு வைக்க வேண்டும். வடக்கே மேத்தர், தெற்கே டாக் பாய். பெயர் மாறும், ஆள் எந்தத் தெருவில் இருந்து வருவார் என்பது மாறாது. வெள்ளைக்காரன் நாயை மடியில் வைத்துக் கொஞ்சினான். அந்தக் கொஞ்சலுக்குப் பின்னால் இருந்த கழுவல், துடைப்பு எல்லாவற்றையும் நம் ஊர் சாதியே பங்கு போட்டுக் கொடுத்தது.

ஆயா சொல்லும்: "நாய்க்கு அரிசிச் சோறும் கறியும் வேகும்டா. நம்ம லயன்ல கேவுருக் களி. ஒங்க தாத்தன் வர்றப்ப கறி வெந்த வாசம் சட்டையில வரும். புள்ளைங்க மோந்து பாக்கும்." சொல்லிவிட்டுச் சிரிக்கும். சின்ன வயதில் நாங்களும் சேர்ந்து சிரிப்போம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஆனால் தாத்தா நாய்களைத் திட்டி நான் கேட்டதில்லை. "வாயில்லாத சீவன், அது என்ன பண்ணும்?" என்பார். நாய்க்குக் காய்ச்சல் என்றால் மூக்கைத் தொட்டே கண்டுபிடித்துவிடுவார். எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு சரி என்று வாலைப் பார்த்தே சொல்வார். லயனில் யார் வீட்டு நாய்க்கு என்ன ஆனாலும் அவரிடம்தான் வருவார்கள். அந்த அறிவுக்குப் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை.

அந்தத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு சின்னக் கல் இருந்தது. துரையின் நாயைப் புதைத்த இடம். பெயரும் வருஷமும் வெட்டியிருந்தது. சம்பளப் பேரேட்டில் எங்கள் தாத்தாவுக்குப் பெயர் இல்லை என்று அப்பா சொல்வார். 'டாக் பாய்' என்று மட்டும்தான் எழுதியிருந்ததாம்.

*

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். 'சாதி நாய்' என்கிறோம். சாதி முத்து, சாதிக் குதிரை என்றும் சொன்னார்கள். தமிழில் சாதி என்றால் உயர்ந்த ரகம் என்றும் ஒரு பொருள் ஓடுகிறது. ஆங்கிலத்தின் 'காஸ்ட்' என்ற சொல் போர்ச்சுகீசியரின் 'காஸ்டா'வில் இருந்து வந்தது. அந்தச் சொல் குலம், வம்சம், கால்நடையின் இனம் எல்லாவற்றையும் குறித்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் சொன்ன சொல்லைத்தான் இங்கே வந்து மனிதருக்கு ஒட்டினார்கள். நாம் மறுபடியும் அதை நாய்க்கு ஒட்டுகிறோம்.

உயர்ந்ததுக்கு ஒரு பெயர் வைத்தால் தாழ்ந்ததுக்கும் ஒரு பெயர் வேண்டுமல்லவா? தெருவில் திரியும் நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பறையா டாக்'. 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தப் பெயர் இருக்கிறது. நாய் மட்டுமல்ல, ஒருவகைப் பருந்துக்கும், மட்டச் சாராயத்துக்கும் கூட அதே அடைமொழி. எதெல்லாம் மட்டமோ, எதெல்லாம் எவனுக்கும் சொந்தமில்லையோ, அதற்கெல்லாம் எங்கள் பெயர். வெள்ளைக்காரன் மட்டும் செய்த காரியமாக இதைத் தள்ளிவிட முடியாது. ஊருக்குள் அவன் கேட்ட வசவைத்தான் அகராதியில் ஏற்றினான்.

எங்கள் முன்னோர் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. 1891-இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். இழிபெயரை மறுத்து எழுதிக்கொண்டே இருந்தார். இரட்டைமலை சீனிவாசன் வேறு வழி எடுத்தார். எந்தப் பெயரைச் சொல்லிக் குனிய வைத்தார்களோ அதையே பத்திரிகைக்குத் தலைப்பாக்கி 1893-இல் 'பறையன்' நடத்தினார். எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1922-இல் அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. மனிதர் தன் பெயரை மாற்றிக்கொள்ள இத்தனை போராட வேண்டியிருந்தது. ஆங்கிலப் புத்தகங்களில் நாயின் தலையில் அந்தப் பழைய பெயர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கிடந்தது. இப்போது நாய்ப் பிரியர்கள் பலர் 'இண்டி' என்கிறார்கள். நல்லதுதான். அந்தப் பெயரை ஏன் விட்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

*

கண்காட்சியில் அந்த ஆள் சொன்ன 'பேப்பர்' என்ன? அதுவும் ஒரு வரலாறுதான். முறையான நாய்க் கண்காட்சி இங்கிலாந்தில் 1859-இல் நியூகாசில் நகரத்தில் தொடங்கியது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப். அடுத்த வருஷமே வம்சாவளிப் பதிவேடு. இந்தியாவின் கென்னல் கிளப் 1896-இல் தொடங்கியது. இந்தக் கண்காட்சி மைதானங்களில் சுத்த இனம் என்று நிற்கிற நாய்களில் பெரும்பாலானவற்றின் 'சுத்தம்' சுமார் 150 வருஷத்துச் சங்கதிதான்.

பதிவேட்டின் விதி எளிமையானது. புத்தகத்துக்குள் இருக்கிற நாய் புத்தகத்துக்குள் இருக்கிற நாயோடு மட்டும்தான் சேர வேண்டும். வெளியே போனால் குட்டிக்குப் பேப்பர் கிடையாது. இதை எங்கேயோ படித்த மாதிரி இல்லையா? 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி எது என்று தேடினார். தொழிலா, தீட்டா, சோறா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அகமணம் என்று விரல் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்ட கூட்டம்தான் சாதி. நாய்ப் பதிவேடு அந்த அகமணத்தின் எழுத்து வடிவம்.

கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று நாய் உடம்பே சாட்சி சொல்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு கோளாறு. டால்மேஷியன் குட்டிகளில் பல காது கேளாமல் பிறக்கின்றன. பக் நாய்க்கு மூக்கைத் தட்டையாக்கி அழகு பார்த்ததில் மூச்சு விட முடியவில்லை. 2003-இல் ஒரு கைபேசிக் கம்பெனி விளம்பரத்தில் வந்த பிறகு அந்த நாய்க்குக் கிராக்கி கூடியது. சேலத்து வெயிலில் அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, அழகுக்காகவே தேர்ந்தெடுத்ததன் கூலி இது. தெரு நாய்க்கு இந்தத் தொல்லைகள் குறைவு. பல தலைமுறை பல இடத்து ரத்தம் கலந்தது.

சுத்த ரத்தம் என்ற பேச்சையே அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் உடைத்துவிட்டார். பஞ்சாபின் பிராமணனும் பஞ்சாபின் சாமரும் ஒரே இனக் கையிருப்பு என்றார். நம் சேர்வராயன் மலையிலும் அதே சாட்சி இருக்கிறது. மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்று கதை சொல்வார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். வேளாளர் என்று ஆரம்பிக்கிற அந்தக் கதையின் ஒரு வடிவத்தில் ஒருவர் கைக்கோளப் பெண்ணையும், ஒருவர் வேடப் பெண்ணையும், ஒருவர் பள்ளர் பெண்ணையும் கட்டிக்கொள்கிறார்கள். அந்த வடிவத்தின்படி மூன்று மலைகளின் சனமும் கலப்பில் பிறந்தது. கதையை நம்பலாம், நம்பாமல் போகலாம். கலப்பைச் சொல்ல அந்த மக்கள் வெட்கப்படவில்லை.

*

யார் எந்த நாயை வளர்க்கலாம் என்பதற்கும் இந்த நாட்டில் சட்டம் உண்டு. எழுதாத சட்டம்.

என் மனைவிக்கு மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். கல்யாணமான புதிதில் ஏற்காட்டு நாய்க் கதைகளை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க தெருவுல கடுவன் நாயே கிடையாதுங்க. வளக்க விட மாட்டாங்க." எனக்குப் புரியவில்லை. "நம்ம கடுவன் போயி அவங்க பொட்டை நாயோட சேந்துருச்சுன்னா? அதான். குட்டியா இருக்கும்போதே அடிச்சுப் போட்டுருவாங்க. இல்ல, நம்மளே கொண்டு போயி விட்டுறணும்."

மனைவி மிகைப்படுத்துகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு, 2000-களில் மதுரை வட்டாரத்தில் நடந்த தீண்டாமை பற்றிய கள ஆய்வுகளிலும் பத்திரிகைச் செய்திகளிலும் அதே தடை வந்தது. இரட்டைக் குவளை, செருப்புப் போடத் தடை, சைக்கிளில் போகத் தடை என்ற பட்டியலில் ஒரு வரியாக: சேரியில் ஆண் நாய் வளர்க்கத் தடை. படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். "அதான் அன்னைக்கே சொன்னனே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2010 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில் இருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு தலித் பெண் மிச்சமிருந்த ரொட்டியை மேல்சாதிக்காரர் ஒருவரின் நாய்க்குப் போட்டார். நாயின் பெயர் ஷேரு. நாய் தீட்டாகிவிட்டது, இனி என் நாய் இல்லை என்று சொந்தக்காரர் விரட்டிவிட்டார். பஞ்சாயத்து கூடி அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்த நாய் அதுவரை எந்தக் குப்பையில் வாய் வைத்திருந்தாலும் தீட்டில்லை. எங்கள் கை ரொட்டி பட்டதும் தீட்டு.

சேரியில் கடுவன் வளர்க்கத் தடை, சேரிக்காரி ரொட்டி போட்டால் அபராதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாயின் மேல் போடுகிற காவல் நாய்க்கானது அல்ல. சாதி மீறிய காதலுக்கு அரிவாள் தூக்குகிற அதே கணக்குதான் நாயிடமும் வேலை செய்கிறது.

*

சரி, குடும்பத்துக்கு எந்த நாய்?

கண்காட்சி முடிந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் பேசினோம். தாத்தா சொல்லிக்கொடுத்ததும் கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். அதை இங்கே எழுதிவைப்பது பிறருக்கும் உதவும்.

நாயைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். பகலில் யார் இருப்பார்? யார் நடத்திக்கொண்டு போவார்? வீட்டில் பெண்தான் எல்லா வேலையும் செய்கிறாள் என்றால் நாயும் அவள் தலையில்தான் விழும். ஒரு டாக் பாயை விடுவித்து இன்னொரு டாக் பாயை வீட்டுக்குள்ளே உண்டாக்கக் கூடாது. இதைச் சொன்னதும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் காலை நடை என் பங்கு என்று தீர்மானமாகிவிட்டது.

அடுத்தது, அந்த நாய் எதற்குப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தி ஓடப் பிறந்த நாய்கள். ஒண்டுக் குடித்தனத்தில் கட்டிப்போட்டால் பைத்தியம் பிடிக்கும். கோம்பை காவலுக்கு நல்லது, வருகிற போகிற ஆள் அதிகமுள்ள வீட்டுக்கு ஆகாது. ராஜபாளையம் பெரிய நாய், இடம் வேண்டும். பனிநாட்டு நாயைச் சேலத்து வெயிலில் வளர்ப்பது பாவம். இந்த நாட்டு இனங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2005-இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வந்தது. பிறகு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் இனங்களாகப் பதிவும் ஆயின. மகிழ்ச்சிதான். ஆனால் குடும்பத்துக்கு நாய் என்பது தோழமை. அதற்குப் பேப்பர் தேவையில்லை.

தாயிடம் இருந்து குட்டியை எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. பிரித்தால் கடிக்கும் அளவு தெரியாமல் வளரும். வாங்கும்போது தாயையும் பார்க்க வேண்டும். தாய் மிரண்டால் குட்டியும் பெரும்பாலும் மிரளும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இனப்பெருக்கத் தடை அறுவையும் செய்துவிடுவது நல்லது.

வெறிநோய் விஷயத்தில் நம் தெருக்கள் ஏமாறக் கூடாது. குன்னூரில் 1907-இலேயே பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. ஆனாலும் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிக்குப் பயந்தும், பஸ்ஸுக்குக் காசில்லாமலும், மந்திரித்துப் பச்சிலை வைத்தும் செத்தவர்கள் எங்கள் லயனிலேயே உண்டு. அந்தப் பழைய ஊசி 2000-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிதான், அரசு மருத்துவமனையில் இலவசம். கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், அன்றைக்கே போக வேண்டும். தெருவில் வேலை செய்கிறவருக்கும் தெருவில் விளையாடும் பிள்ளைக்கும்தான் கடி அதிகம் விழுகிறது. ஆகவே இது நம் பிரச்சனை.

*

கடைசியில் நாய் எங்கே கிடைத்தது? அதே மலையில், தாத்தா இருந்த லயனில். எங்கள் சொந்தக்கார அக்கா வீட்டுத் திண்ணையில் ஒரு செவலைப் பொட்டை ஐந்து குட்டி போட்டிருந்தது. அப்பன் யார் என்று அந்த நாய்க்கே தெரியாது. மகள் ஒரு பொட்டைக் குட்டியைத் தூக்கினாள். என் மனைவி அதை மெதுவாக வாங்கிக் கீழே விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கறுப்புக் குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். "இதுதான். கடுவன் குட்டி" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

கோடை முடிந்து, அடுத்த பொங்கலுக்கு மாமியார் ஊருக்குப் போனோம். நாயையும் கூட்டிக்கொண்டு போனோம். அது முற்றத்தில் இறங்கி மோந்து பார்த்துக் காலைத் தூக்கியது. மாமியார் எட்டிப் பார்த்தது. "கடுவனா?" என்று மட்டும் கேட்டது. மகள் "ஆமா அம்மாச்சி" என்றாள்.

"கதவைச் சாத்துங்க."

எழுபது வயதுக் கிழவி, குரலைத் தாழ்த்திச் சொன்னது. மகளுக்கு எதுவும் புரியவில்லை. ஏன் சாத்தணும், ஏன் சாத்தணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் மனைவிதான் அவளை உட்கார வைத்து, முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

கதவு திறந்தே இருந்தது. சாயங்காலம் மகள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நாயோடு தெரு முனைவரை போய்விட்டு வந்தாள். நானும் மனைவியும் பின்னால் போனோம். மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்த நாய்க்கு ஒரு தட்டில் பொங்கலைப் போட்டுத் தன் கையால் வைத்தது.